தண்ணியை ஏன் அடிக்கிறோம்?

வாசகர் கேள்விகளுக்குப் பெங்களூர் அல்சூரிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் பதில் எழுதுகிறார்.

கேள்வி: டீச்சர், நாங்கள் கும்பகோணம் பக்கத்திலிருந்து பெங்களூர் வந்து நாலு மாதம்தான் ஆகிறது. ஸ்ரீராமபுரத்தில் ஒரு வீடு பார்க்கப் போனோம். வீட்டுக்கார அம்மா கன்னடக்காரர். எல்லாம் பேசி முடித்து, அட்வான்ஸ் கொடுக்கப் போகிற நேரத்தில் "நிம்ம யஜமான்ரு எண்ணெ ஹொடீதாரா?" என்று என்னிடம் கேட்டார். எண்ணெய் என்பது மட்டும் புரிந்தது. எண்ணெய்க் குளியலைத்தான் கேட்கிறார், பாத்ரூம் வழுக்கும் என்று பயப்படுகிறார் என்று நினைத்து, "ஷனிவார மாத்ர", சனிக்கிழமை மட்டும், என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. மறுநாள் வீடு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்புறம்தான் பக்கத்துக் கடைக்காரர் அர்த்தம் சொன்னார். என் வீட்டுக்காரர் வெற்றிலை பாக்குக்கூடப் போடமாட்டார். எண்ணெய்க்கும் குடிக்கும் என்ன சம்பந்தம்?
– ஒரு வாசகி, ராஜாஜிநகர்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு மனது கஷ்டமாகிவிட்டது. முதலில் ஒன்று சொல்கிறேன். கன்னடம் நன்றாகப் பேசத் தெரிந்த யாரையாவது கூட்டிக்கொண்டு அந்த அம்மாவை இன்னொரு முறை போய்ப் பாருங்கள். நடந்ததை அப்படியே சொல்லுங்கள். வீடு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. ஒரு நல்ல மனிதரைப் பற்றித் தவறான எண்ணம் அந்தத் தெருவில் தங்கிவிடக்கூடாது.

சரி, வார்த்தைக்கு வருவோம். பெங்களூர் பேச்சுக் கன்னடத்தில் 'எண்ணெ' என்றால் எண்ணெய். கூடவே மதுவுக்கும் அதுதான் பெயர். 'ஹொடி' என்றால் அடி. ஆக, எண்ணெ ஹொடியுறது என்றால் நம் ஊரில் தண்ணி அடிக்கிறது. தலைக்கு எண்ணெய் தேய்ப்பதைக் கேட்டிருந்தால் அந்த அம்மா 'ஹச்சு' என்று சொல்லியிருப்பார். ஹச்சு என்றால் தடவு, பூசு. நீங்கள் பெயர்ச்சொல்லைக் கேட்டுவிட்டு வினைச்சொல்லை விட்டுவிட்டீர்கள். இந்த மாதிரி வார்த்தைகளில் விஷயமெல்லாம் வினைச்சொல்லில்தான் இருக்கிறது.

தமிழிலேயே பாருங்கள். 'அவர் தண்ணி குடிக்கிறார்' என்றால் தாகம். 'அவர் தண்ணி அடிக்கிறார்' என்றால் மது. தண்ணி மாறவில்லை, வினை மாறியது. 'தண்ணி போட்டிருக்கார்', 'தண்ணியில இருக்கார்' என்றாலும் அதே அர்த்தம்தான். இன்னொன்றும் கவனியுங்கள்: 'தண்ணீர் அடித்தான்' என்று யாரும் சொல்வதில்லை. தண் என்றால் குளிர்ச்சி. தண்ணீர் குளிர்ந்த நீர். அந்தச் சொல்லின் மேல் மது வாடை படவே இல்லை. அதன் பேச்சு வடிவமான 'தண்ணி'தான் இந்தச் சுமையைத் தூக்குகிறது. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் தமிழ் நடத்திய எனக்கு இது இன்றைக்கும் ஆச்சரியம்தான். ஒரே சொல்லின் எழுத்து வடிவத்தைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, பேச்சு வடிவத்தை மட்டும் மறைப்புக்கு எடுத்திருக்கிறார்கள். யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததில்லை. ஜனங்கள் வாயிலேயே நடந்தது.

நம்மைச் சுற்றியிருக்கிற மொழிகளிலும் இதே கதைதான். மலையாளத்தில் 'வெள்ளமடி'. வெள்ளம் என்றால் அவர்களுக்குத் தண்ணீர். கன்னடத்தில் எண்ணெ. தெலுங்கில் 'மந்து கொட்டு'. மந்து என்றால் மருந்து, கொட்டு என்றால் அடி. தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு நாலிலும் வினை ஒன்றுதான்: அடி. அடிக்கப்படுகிற பொருள் மட்டும் தண்ணீர், எண்ணெய், மருந்து என்று மாறுகிறது. மூன்றும் எல்லார் வீட்டிலும் இருப்பவை. குழந்தைகள் முன்னால், மாமியார் முன்னால் தயங்காமல் சொல்லக்கூடியவை. மறைத்துப் பேச வேண்டியவர்கள் வீட்டிலேயே இருக்கிற பெயரை எடுத்துக்கொண்டார்கள் என்று நான் நினைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. தெலுங்குக்காரர் ஒருவர் 'மந்து' பற்றிப் பேசினால் அதை நம் மருந்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக்கூடாது. நம் கிராமங்களில் 'அவன் மருந்து குடிச்சிட்டான்' என்றால் பூச்சிமருந்து என்று அர்த்தம். ஊரே ஆஸ்பத்திரிக்கு ஓடும்.

இந்த 'அடி'க்குத் தமிழில் இடம் பெரிது. வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, பெயிண்ட் அடிக்கிறோம், அரட்டை அடிக்கிறோம், பரீட்சையில் காப்பி அடிக்கிறார்கள், பீடி பிடிக்கிறவர் தம் அடிக்கிறார். கையால் ஓங்கி அடிப்பது இதில் எங்கேயும் இல்லை. ஒரு வேலையைப் பழக்கமாக, வேகமாக, கொஞ்சம் அலட்சியமாகச் செய்கிற தோரணைதான் பல இடங்களில் இந்த வினையில் இருக்கிறது. குடிக்கும் அது ஒட்டிக்கொண்டது. கன்னட ஹொடியும் அப்படியே: தம் ஹொடி, காப்பி ஹொடி, லைன் ஹொடி.

எங்கள் தெருவில் நான் சிறுமியாக இருந்தபோது ஒரு அடிபம்பு இருந்தது. பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு "நான் தண்ணி அடிச்சிட்டு வந்துடறேன்க்கா" என்று உரக்கச் சொல்லிவிட்டுப் போவார்கள். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அதே தெருவில், அதே வார்த்தையை ஒரு ஆணைப் பற்றிச் சொல்லும்போது குரல் தானாகத் தாழும். அந்தக் குரல் வித்தியாசத்திலிருந்துதான் நாங்கள் அர்த்தம் கற்றுக்கொண்டோம்.

என் அப்பா மில்லில் வேலை பார்த்தார். சம்பள நாளன்று இரவு அம்மா என்னையும் தம்பியையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். "அப்பா தண்ணியில இருக்காரு, காலையில வாங்க" என்பாள். எனக்கு அப்போது ஆறு வயதிருக்கும். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரே பெரிய தண்ணீர் அல்சூர் ஏரி. அப்பா இருட்டில் அந்த ஏரியில் கழுத்தளவுக்கு நிற்கிறார், குளிரும், ஏன் யாரும் போய்க் கூட்டி வரவில்லை என்று நினைத்துப் பக்கத்து வீட்டுப் பாயில் படுத்தபடி அழுதிருக்கிறேன். காலையில் போய் அவர் வேட்டியைத் தொட்டுப் பார்ப்பேன். காய்ந்திருக்கும். இந்த ஒரு வார்த்தைக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

கேள்வி: நான் லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். "சரக்கு வந்துடுச்சா, சரக்கு இறங்கிடுச்சா" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை போனில் பேசுவேன். கல்லூரியில் படிக்கிற என் மகள், "அப்பா, வெளியிடத்தில் சரக்கு என்று சொல்லாதீர்கள், அசிங்கமாக இருக்கிறது" என்கிறாள். என்ன செய்ய?
– ஒரு வாசகர், கலாசிபாளையம்

பதில்: தாராளமாகச் சொல்லுங்கள். ஜி.எஸ்.டி.க்கு அரசாங்கமே தமிழில் 'சரக்கு மற்றும் சேவை வரி' என்றுதான் பெயர் வைத்திருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் சுக்கும் திப்பிலியும் சரக்குதான். ஹோட்டல் சமையற்கட்டில் இருக்கிற 'சரக்கு மாஸ்டர்' சமையல் வேலைக்காரர்; அவருக்கும் பாட்டிலுக்கும் சம்பந்தம் கிடையாது. 'அவரிடம் சரக்கு இருக்கிறது' என்றால் விஷயம் தெரிந்தவர் என்று பாராட்டு. மதுவைச் சரக்கு என்பது இத்தனைக்கும் பின்னால் வந்து ஒட்டிய ஒரு அர்த்தம். ஒட்டியவர்கள் வரட்டும் போகட்டும், நீங்கள் ஏன் உங்கள் தொழிலின் வார்த்தையை விட்டுக்கொடுக்க வேண்டும்?

ஆனால் உங்கள் மகள் முகம் சுளிப்பதற்கு வேறு காரணமும் இருக்கலாம். சில பையன்கள் பெண்களைக் குறிக்கவும் இந்த வார்த்தையைப் பயன்படுத்துகிறார்கள். அது அசிங்கம்தான். அவளிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். அப்படி ஏதாவது காதில் விழுந்திருந்தால், அந்தக் கோபம் உங்கள் மேல் இல்லை.

கேள்வி: 'தண்ணி அடி' என்பதில் வரும் 'அடி' உண்மையில் சங்கத் தமிழ்ச் சொல்லான 'அடு' என்பதன் திரிபு என்று எங்கள் குடியிருப்போர் கூட்டத்தில் ஒரு பெரியவர் பேசினார். 'இல்லடு கள்' என்று பழம்பாட்டில் வருகிறதாம். சரியா?
– ஒரு வாசகர், இராமமூர்த்திநகர்

பதில்: பெரியவருக்கு என் வணக்கம். மேற்கோள் சரி, முடிவு சரியில்லை என்பது என் கருத்து. 'இல்லடு கள்' பெரும்பாணாற்றுப்படையில் வருகிறது. வீட்டில் காய்ச்சிய கள் என்று பொருள். அடு என்றால் சமை, காய்ச்சு. திருக்குறளிலும் 'அடுநறா' உண்டு, காய்ச்சிய மது. அது காய்ச்சுகிறவர் செய்கிற வேலை. 'தண்ணி அடி' குடிக்கிறவர் செய்கிற வேலை. சொல் ஒலியில் பக்கம் பக்கமாக இருப்பதால் உறவாகிவிடாது. இதைவிட நல்ல சாட்சி முதல் பதிலில் இருக்கிறது. கன்னடத்தில் ஹொடி, தெலுங்கில் கொட்டு. இரண்டும் அடு என்பதிலிருந்து வந்திருக்க முடியாது, இரண்டுக்கும் நேர்ப்பொருள் அடிப்பது. அண்டை வீட்டில் எல்லாம் சாதாரண அடியாக இருக்கும்போது நம் வீட்டில் மட்டும் அது சங்கத் தமிழாக இருக்க வழியில்லை.

பழைய தமிழர்கள் மதுவை அடிக்கவில்லை, உண்டார்கள். வள்ளுவர் 93ஆம் அதிகாரத்துக்கு வைத்த தலைப்பே கள்ளுண்ணாமை. (எங்கள் அல்சூர் ஏரிக்கரையில் 2009 முதல் அவர் சிலை திறந்திருக்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு இந்த அதிகாரம் ஞாபகம் வரும்.) அதியமான் இறந்தபோது ஔவையார் அழுது பாடிய புறநானூற்றுப் பாட்டிலும் இதே வினை. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவன் மகிழ்ந்து உண்பான் என்கிறார். கள், நறவு, தேறல், தோப்பி என்று அவர்களுக்குச் சொற்கள் பல. அவற்றை மறைத்துச் சொல்ல ஔவையாருக்கு அவசியம் வரவில்லை. மகிழ் என்ற சொல்லே அன்றைக்கு மதுவையும் அது தரும் மயக்கத்தையும் குறித்தது. வள்ளுவர் கண்டித்தபோதும் 'கள்' என்று நேராகச் சொல்லித்தான் கண்டித்தார்.

இன்றைய பேச்சுச் சொற்களில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு: மப்பு. 'வானம் மப்பும் மந்தாரமுமாக இருக்கிறது' என்று பாட்டிமார் சொல்வார்களே, அந்த மேகமூட்டம்தான். 'மப்பில் இருக்கிறான்' என்றால் தலைக்குள் மேகம் கவிந்திருக்கிறது. யாரோ ஒரு விவசாயி முதலில் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

கேள்வி: டீச்சர், இது சொல் பற்றிய கேள்விதானா என்று தெரியவில்லை. என் மாமனார் தினமும் சாயந்திரம் குடிப்பவர். அடுத்த வாரம் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். டாக்டர் குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டால், "எப்பவாவது கொஞ்சம் தண்ணி போடுவார்" என்று சொல் என்கிறார் என் மாமியார். 'குடிகாரர்' என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. மரியாதையான வார்த்தை எது?
– ஒரு வாசகி, விவேக்நகர்

பதில்: இது சொல் பற்றிய கேள்விதான், தங்கச்சி. எனக்கு வந்த கடிதங்களில் இதைவிட முக்கியமானது இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் என் அப்பா மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அந்தக் காலத்தில் கர்நாடகத்தில் சாராயம் பிளாஸ்டிக் பாக்கெட்டில் விற்கும். 2007 ஜூலை 1 முதல்தான் சாராயத்தை இங்கே தடை செய்தார்கள். அப்பா தினமும் பாக்கெட் வாங்குவார். ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் கன்னடத்தில் கேட்டார், குடிப்பாரா என்று. அம்மா "ஸ்வல்ப" என்றாள். கொஞ்சம். நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு உண்மை தெரியும். வாயைத் திறக்கவில்லை. டாக்டர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளே அப்பாவின் கை நடுங்க ஆரம்பித்தது. வலியால் என்று நினைத்தோம். மூன்றாம் நாள் ராத்திரி போர்வையிலிருந்து எறும்பைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார். அங்கே எறும்பே இல்லை. என்னை அவர் அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மில்லுக்கு நேரமாகிவிட்டது என்று முறிந்த இடுப்போடு எழுந்திருக்கப் பார்த்தார். உடம்பு கொதித்தது. நாலு பேர் பிடித்துக்கொண்டோம்.

தினமும் நிறையக் குடிக்கிற உடம்பு, திடீரென்று மது நின்றால் இப்படி ஆகும் என்பது எனக்கு அதற்கப்புறம்தான் தெரிந்தது. சில மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இந்த மாதிரி சித்தம் கலங்கும். கவனிக்காவிட்டால் உயிரே போகும். முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர்கள் அதற்கான மாத்திரையும் பி-1 வைட்டமின் ஊசியும் கொடுத்துத் தடுத்துவிடுவார்கள். அவர்களுக்குத் தெரியவேண்டியது ஆள் நல்லவரா கெட்டவரா என்பதல்ல. எவ்வளவு, எத்தனை நாளாக, கடைசியாக எப்போது என்பதுதான்.

அன்று ராத்திரி அதே டாக்டர் அம்மாவை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்து மறுபடி கேட்டார். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் "தினா எரடு பாக்கெட்டு. சம்பளத தின நால்கு" என்றாள். தினமும் இரண்டு, சம்பள நாளில் நாலு. நாற்பது வருஷமாக அவள் 'தண்ணி' என்ற ஒரு சொல்லுக்குள் அடைத்து வைத்திருந்த கணக்கு அது. சொன்னதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஐந்து நாளில் அப்பா தெளிந்தார். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தார்.

அதனால் உங்களுக்கு வார்த்தை வேண்டாம், அளவு போதும். 'குடிகாரர்' என்று சொல்லவே தேவையில்லை. "தினமும் ஒரு குவார்ட்டர், பத்து வருஷமாக, கடைசியாக நேற்று ராத்திரி" என்றால் அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. குவார்ட்டர் என்றால் 180 மில்லி. தமிழ்நாட்டில் 'கட்டிங்' என்பதும் பெங்களூரில் 'நைண்டி' என்பதும் அதில் பாதி, 90 மில்லி. (பம்பாய்ச் சொந்தக்காரர் 'கட்டிங்' என்றால் அது பாதி டம்ளர் டீ; அதைக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.) கன்னட டாக்டரிடம் கட்டிங் என்றால் புரியாமல் போகலாம், 90 என்று எண்ணாகவே சொல்லுங்கள். பிராந்தி, விஸ்கி பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அந்தக் கணக்கில் ஒரு குவார்ட்டரில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் போகிறது. 10 கிராம் ஒரு அளவு என்று வைத்தால் ஆறு அளவு. 'கொஞ்சம்' என்ற சொல்லுக்குள் இது அடங்காது.

ஆபரேஷனுக்காக இன்றைக்கே நிறுத்துங்கள் என்று வீட்டில் நீங்களாக அவரை நிறுத்த வைக்காதீர்கள். எப்படிக் குறைப்பது என்பதை டாக்டர் சொல்லட்டும். ராத்திரியில் அவசரமாக யோசனை கேட்க வேண்டுமென்றால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அரசாங்கத்தின் மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பின்னாடி அவரே விட நினைத்தால் ஓசூர் ரோட்டில் இருக்கிற நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

மாமியாரிடம் கோபப்படாதீர்கள். அவர் இவ்வளவு காலம் அந்த வார்த்தையைப் போர்த்தித்தான் குடும்பத்தைக் காப்பாற்றியிருப்பார். டாக்டர் அறைக்குள் போகும்போது நீங்கள் கூடப் போங்கள். ஆபரேஷன் டாக்டரிடம் சொன்னதோடு விட்டுவிடாமல், மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரிடமும் தனியாக ஒரு தடவை சொல்லுங்கள். ஒரு துண்டுத்தாளில் மூன்று வரி எழுதி எடுத்துப் போங்கள்: எவ்வளவு, எத்தனை வருஷம், கடைசியாக எப்போது. அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே போய்க் கொடுத்துவிடுங்கள்.